நாற்பது பிட் பூட்டைக் கழற்றுவோம், வாருங்கள்!

தோழர்களே,

ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் நேரத்தில் உங்களை வேறு வேலைக்குக் கூப்பிடுவது முறையில்லை என்று தெரியும். ஆனாலும் கூப்பிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலைக்கு இதுதான் நேரம். இப்போதுதான் போடியின் கமிஷன் கடைகளும் ஆடிட்டர் ஆபீசுகளும் இ-சேவை மையங்களும் ராத்திரி வரை கணினியைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் காய் பறிக்கப் போகிற பெண்களின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, செல் நம்பர், கூலி பாக்கி எல்லாம் ஒரு கோப்பாகி மலைக்கும் ஊருக்கும் இடையே மின்னஞ்சலிலும் வாட்ஸாப்பிலும் போய்வருகிற காலம் இது. அந்தக் கோப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். அது எந்தக் காலத்துப் பூட்டு என்று யாரும் கேட்பதில்லை.

நாம் கேட்போம். எக்செல் 97இலும் 2000இலும் ஒரு கோப்புக்கு பாஸ்வேர்டு போட்டால், உள்ளே நடப்பது 40 பிட் சாவியோடு ஆர்.சி.4 என்ற குறியாக்கம். எக்செல் 2003 வந்தபோது அதைவிட வலுவான முறைகள் பட்டியலில் இருந்தன. ஆனால் யாராவது உள்ளே போய் மாற்றாதவரை தானாகத் தேர்வாகி நின்றது, 'ஆபீஸ் 97/2000உடன் ஒத்துப்போவது' என்று பெயர் வைத்த அதே பழைய முறைதான். காரணத்தைப் பெயரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். புதிய மெஷினில் பூட்டியதைப் பழைய மெஷினில் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வசதிக்காக உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கோப்புகள், பலமான பூட்டு பக்கத்திலேயே கிடக்க, பலவீனமான பூட்டில் பூட்டப்பட்டன.

40 பிட் என்றால் மொத்தம் சுமார் 1,10,000 கோடி சாவிகள். கேட்பதற்குப் பெரிய எண். வீடியோ கேம் ஆட வாங்கிய ஒரு கிராஃபிக்ஸ் கார்டு அத்தனையையும் ஒரே நாளுக்குள் போட்டுப் பார்த்துவிடும். கடைக்காரர்களிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்பது இங்கே பொருட்டே இல்லை. குலதெய்வத்தின் பெயர், பேத்தியின் பிறந்தநாள், வண்டி நம்பர் மூன்றையும் கோத்து வைத்திருந்தாலும் உடைப்பவனுக்கு அது தேவையில்லை. அதிலிருந்து பிறக்கும் 40 பிட் சாவியைத்தான் அவன் நேரடியாகத் தேடுகிறான். புதிய எக்செல்லில் திறந்து பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்திலேயே சேமித்தால் சாவி நீளலாம். முறை அதே ஆர்.சி.4தான். அதை இணைய உலாவிகள் 2016இலேயே கைகழுவிவிட்டன. 2007இலிருந்து வரும் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வடிவத்தில் ஏ.இ.எஸ். என்ற வலுவான குறியாக்கம் இருக்கிறது. மாற்றிச் சேமிக்க அரை நிமிடம் போதும். (இன்னொரு கூட்டமும் உண்டு: 'ஷீட் புரொடெக்ட்' போட்டுவிட்டு, கோப்பையே பூட்டியதாக நிம்மதியாகத் தூங்குபவர்கள். அதில் குறியாக்கமே கிடையாது. கை தவறிக் கணக்கு அழியாமலிருக்க வைத்த தடுப்பு அது.)

ஜிப் கோப்பிலும் இதே கதை. 7-ஜிப் மென்பொருளில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு போட்டால், நீங்களாக ஏ.இ.எஸ்-க்கு மாற்றாதவரை அது போடுவது ஜிப்கிரிப்டோ என்ற பழைய முறை. அதை உடைக்கும் வழியை பிஹாம், கோச்சர் என்ற இருவர் 1994இலேயே எழுதி வெளியிட்டுவிட்டார்கள். உள்ளே இருக்கும் கோப்பின் ஏதோ ஒரு துண்டு, பன்னிரண்டு பைட் அளவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். எல்லா வாரமும் ஒரே தலைப்போடு தொடங்கும் கூலிப் பட்டியலில் அந்தப் பன்னிரண்டு பைட்டை ஊகிப்பது ஒரு வேலையா? பிறகு ஏன் இன்னமும் அதுவே தானாக நிற்கிறது? ஏ.இ.எஸ். ஜிப் கோப்பை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் நெடுங்காலம் திறக்க மறுத்தது. திறக்காத கோப்பை அனுப்பி வசவு வாங்க யாருக்கும் விருப்பமில்லை.

இந்த வசவைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் கடைக்குக் கடை போய் இதைச் சொல்லும்போது வரப்போகும் பதில் இதுதான்: "தம்பி, நீ சொல்றதெல்லாம் சரி. மேல எஸ்டேட்டுல இருக்கிற மெஷின்ல புது ஃபைல் தொறக்காதே. ரைட்டர் போனப் போட்டுக் கத்துவாரு. அப்புறம் யாரு பதில் சொல்றது?" இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். கோப்பு திறக்காவிட்டால் அந்த வாரச் சம்பளம் தள்ளிப்போகும். வெறுங்கையோடு ஜீப்பிலிருந்து இறங்குவது எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் அல்ல, காய் பறிக்கும் பெண்கள். பழசோடு ஒத்துப்போக வேண்டும் என்று கேட்பவர் பெரும்பாலும் தன் வேலை நிற்கக்கூடாது என்றுதான் கேட்கிறார். அந்தக் கோரிக்கையை மதிக்காமல் பாதுகாப்பு பேசுகிறவன் மலையில் இரண்டு நாள் தாக்குப்பிடிக்க மாட்டான்.

ஆனால் அந்தக் கோரிக்கைக்கு எதையெல்லாம் விலையாகக் கொடுத்தோம் என்றும் பார்க்க வேண்டும்.

40 என்ற எண் கணிதத்திலிருந்து வந்ததில்லை. வலுவான குறியாக்கத்தை அமெரிக்கா ஆயுதங்களோடு சேர்த்துப் பட்டியலிட்டிருந்த காலத்தில், வெளிநாட்டுக்கு விற்கும் மென்பொருளில் 40 பிட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வைத்த வரம்பு அது. தன்னால் உடைக்க முடிந்ததை மட்டும் ஏற்றுமதி செய்யும் ஏற்பாடு. நம் நாடும் சளைக்கவில்லை. 1990களின் இறுதியில் வந்த இணையச் சேவை உரிமத்தில், 40 பிட்டுக்கு மேல் குறியாக்கம் செய்ய வேண்டுமானால் அனுமதி வாங்கி, சாவியையும் ஒப்படைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை எழுதி வைத்தது. 2001இல் இணைய வங்கிச் சேவைக்கு வழிகாட்டிய ரிசர்வ் வங்கியோ 128 பிட்டுக்குக் குறையக்கூடாது என்றது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், இரண்டு அலுவலகங்கள்! 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு குறியாக்கக் கொள்கை வரைவை வெளியிட்டது. குறியாக்கம் செய்த செய்தியின் மூலத்தைத் தொண்ணூறு நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அமெரிக்கத் தடை 2000 வாக்கில் தளர்ந்துவிட்டது. ஏற்றுமதிக்கென்று செய்த அந்த நொண்டிப் பூட்டுகளை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. ஆனால் எங்கோ யாரோ பழைய உலாவி வைத்திருப்பார்களே என்று சர்வர்களிலிருந்து அவற்றை எடுக்கவும் இல்லை. பதினைந்து வருடம் சும்மா கிடந்தன. 2015 மார்ச்சில் ஃப்ரீக், மே மாதத்தில் லாக்ஜாம் என்று இரண்டு தாக்குதல்கள் வெளிவந்தன. உலாவியும் சர்வரும் இரண்டுமே பலமான முறை தெரிந்தவை; நடுவில் நிற்பவன் புகுந்து, இருவரையும் பழைய நொண்டி முறையிலேயே பேசும்படி தள்ளிவிடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டு வந்த ட்ரவுன் இன்னும் மோசம். 1995இல் வந்த எஸ்.எஸ்.எல். 2 என்ற பழைய இணையக் குறியாக்க முறையை ஒரு சர்வர் ஏற்றுக்கொள்கிறது என்றால், அதில் யாருமே பேசாவிட்டாலும், அதே சாவியில் நடக்கும் புதிய டி.எல்.எஸ். உரையாடல்களை அந்த வழியாக உடைக்கலாம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், தோழர்களே. நம் வாதத்தின் முதுகெலும்பு இதுதான். பழைய வழியைத் திறந்து வைத்தால் பழைய மெஷின் வைத்திருப்பவருக்கு மட்டும்தானே ஆபத்து, புதுசு வாங்கியவருக்கு என்ன என்று கேட்பார்கள். ட்ரவுனில் மாட்டியது புதுசு வாங்கியவர். ஒருவருக்காகத் திறந்து வைத்தது எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

2017 மே 12 ஞாபகம் இருக்கும். வான்னாக்ரை. உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிக் காசு கேட்டது. மலைக்கு அந்தப் பக்கக் கேரளத்தில், வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகமும் பத்தனம்திட்டையின் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகமும் மாட்டிக்கொண்டன. பெரிய வங்கியோ ராணுவமோ இல்லை. பிறப்புச் சான்றிதழும் வரி ரசீதும் கொடுக்கிற ஊராட்சி அலுவலகங்கள். அது புகுந்த வழி எஸ்.எம்.பி. 1 என்ற, அப்போதே முப்பது வருடப் பழைய கோப்புப் பகிர்வு முறை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. ஆண்டு முடிவதற்குள் அந்த முறையைப் புதிய விண்டோஸ் 10இல் தானாக வராதபடியும் செய்தது. நம் ஊரில் என்ன நடக்கிறது? பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் கணினிக்கு வரவில்லை என்று கடைக்காரர் கூப்பிடுவார். போகிற டெக்னீஷியன் எஸ்.எம்.பி. 1ஐத் திரும்ப ஆன் செய்துவிட்டு, டீக்காசும் வாங்கிக்கொண்டு வருவார். கடைக்காரருக்கு ஸ்கேன் வந்துவிட்டது. கதவு திறந்திருப்பது அவருக்குத் தெரியாது, யாரும் சொல்வதுமில்லை.

அப்படியானால் பழசையெல்லாம் ஒரே நாளில் இழுத்து மூடிவிடலாமா? போடிக்காரனிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். 1928இல் வந்த மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் மூடினார்கள். நாடு முழுவதும் அகலப்பாதைக்குப் போய்விட்ட பிறகு நமக்கு மட்டும் மீட்டர் கேஜ் இருந்தால் மதுரையைத் தாண்டி ஒரு பெட்டியும் போகாது, மூடியதில் தப்பில்லை. ஆனால் தேனி வரை வண்டி வர 2022 மே ஆனது. போடிக்கு வர 2023 ஜூன் 15 ஆனது. தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். அத்தனை வருடமும் பஸ்ஸில் நின்றுகொண்டே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவர்களிடம், 'பாதுகாப்பான புதிய தொழில்நுட்பத்துக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். மூடும் தேதியை மட்டும் அறிவித்துவிட்டுத் திறக்கும் தேதியைச் சொல்லாத எந்தப் பாதுகாப்புத் திட்டத்தையும் நாம் நம்பக்கூடாது. நாமும் அப்படியொரு திட்டத்தோடு கடை வாசலில் போய் நிற்கக்கூடாது.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு நம் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. மின்னஞ்சலைக் குறியாக்கம் செய்ய நாம் பயன்படுத்தும் க்னூபிஜி மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பின்பற்றும் பழைய பிஜிபி வடிவத்தில், குறியாக்கம் செய்த செய்தியை வழியில் யாராவது திருத்தினார்களா என்று கண்டுபிடிக்க ஏற்பாடு கிடையாது. பின்னால் அந்தச் சோதனை முத்திரை சேர்ந்தது. ஆனால் முத்திரையில்லாத பழைய கடிதங்களும் திறக்க வேண்டுமே! முத்திரை இல்லையென்றால் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு, செய்தியையும் கையில் கொடுத்தது க்னூபிஜி. அந்த எச்சரிக்கையைக் கவனிக்காமல் செய்தியை வாங்கிக்கொண்ட மின்னஞ்சல் மென்பொருட்கள் இருந்தன. 2018 மே மாதம் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஈஃபெயில் என்ற பெயரில் வெளியிட்டது இந்த இடுக்கைத்தான். முத்திரையைப் பிய்த்துவிட்டுச் செய்தியைத் திருத்தி அனுப்பினால், பெறுபவரின் மென்பொருளே அதைத் திறந்து, உள்ளடக்கத்தை எதிராளிக்கு அனுப்பி வைக்கும்.

அடுத்த மாதமே வந்த 2.2.8 பதிப்பில் க்னூபிஜி நிலையை மாற்றியது. முத்திரை இல்லையா, திறக்க முடியாது, முடிந்தது. பழைய கடிதம் ஒன்று உண்மையிலேயே வேண்டுமென்றால், அதற்கென்று தனியாக ஒரு கட்டளையைத் தெரிந்தே தட்ட வேண்டும். அதற்கு முன்னால் 2014இலும் இப்படித்தான். 2.1 பதிப்பிலிருந்து பிஜிபி 2 காலத்துச் சாவிகளை எடுத்துவிட்டு, அவை தேவைப்படுபவர்களுக்காகப் பழைய 1.4 பதிப்பைத் தனியே விட்டுவைத்தார்கள். அப்போது சண்டை கொஞ்சமா நடந்தது? இருபது வருடக் கடிதங்களை வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. செய்தவர்கள் செய்ததும் சரிதான். என் கட்சி செய்தவர்கள் கட்சி, கொஞ்சம் தாமதமாகச் செய்தார்கள் என்ற குறையோடு.

நமக்கான வழியும் இதுதான், தோழர்களே. பழைய பூட்டைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். பழைய பூட்டால் இனி எதையும் பூட்டக்கூடாது. பழைய எக்ஸ்.எல்.எஸ். கோப்பு வந்தால் திறந்து படியுங்கள். சேமிக்கும்போது புதிய வடிவத்தில் மட்டும் சேமியுங்கள். எஸ்டேட் மெஷினில் புதிய வடிவம் திறக்கவில்லை என்றால், கோப்பைக் கீழே இறக்கக் கூடாது. அந்த மெஷினை மேலே ஏற்ற வேண்டும். அதை ஏற்றுவது நம் வேலை.

ஏற்றுவது என்றால் புது மெஷின் வாங்கச் சொல்வதா? அங்கேதான் பலரும் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் போல. விண்டோஸ் 7க்குப் பராமரிப்பு 2020 ஜனவரியிலேயே நின்றது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11 இந்தப் பழைய மெஷின்கள் பெரும்பாலானவற்றில் ஏறாது. ஆனால் அதே மெஷினில் எடை குறைந்த ஒரு லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் ஓடும். புதிய எக்செல் கோப்பு திறக்கும், ஏ.இ.எஸ். ஜிப் திறக்கும், திருத்தங்கள் காசில்லாமல் வரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். ஆகவே எஸ்டேட் ஆபீசில் நாம் அதைப் போட்டால், ரைட்டருக்குச் சொல்லிக்கொடுக்க அவர் வீட்டிலேயே ஆள் இருக்கும். டாலி ஓடும் மெஷினில் மட்டும் கை வைக்காதீர்கள். அது விண்டோஸ் இல்லாமல் ஓடாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகும் மெஷினையும் விரல்ரேகைக் கருவி இணைத்திருக்கும் மெஷினையும் கேட்காமல் தொடாதீர்கள். அவற்றின் டிரைவர்கள் நம் பொறுமையைச் சோதிக்கும்.

டோக்கன் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2012இலிருந்து நம் நாட்டு டிஜிட்டல் கையொப்பங்கள் 2048 பிட் சாவிக்கும் எஸ்.எச்.ஏ. 2 முறைக்கும் மாறிவிட்டன. சான்றிதழ் பலமாகிவிட்டது. ஆனால் அதைப் பயன்படுத்த ஜாவாவின் பழைய பதிப்பைப் போடு, பாதுகாப்பு அளவைக் குறை, விதிவிலக்குப் பட்டியலில் தளத்தைச் சேர் என்று சொல்லிக்கொடுக்கும் தாள்கள் இன்னமும் ஆடிட்டர் ஆபீஸ் சுவர்களில் ஒட்டியிருக்கின்றன. அந்தத் தாள் கண்ணில் பட்டால், ஒட்டியவரிடம் சண்டை போடாமல், இப்போது அது தேவைதானா என்று மட்டும் சோதித்துப் பாருங்கள். பாதி இடங்களில் தேவைப்படாது, பழக்கத்தில் நிற்கிறது. ஆடிட்டர்கள் அசையவில்லையென்றால் 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அறத்தைவிட அபராதம் அவர்களுக்குச் சீக்கிரம் புரியும்.

நம்மால் மூட முடியாத கதவும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2ஜி. அதில் செல்போன் தன்னை யாரென்று டவரிடம் நிரூபிக்கும். டவர் தன்னை யாரென்று செல்போனிடம் நிரூபிக்காது. போலி டவர் ஒன்றை வைத்து, பக்கத்திலுள்ள போன்களை 2ஜிக்கு இறக்கி, வங்கியின் பெயரிலேயே குறுஞ்செய்தி அனுப்ப முடிவது இதனால்தான். அதன் ஏ5/1 குறியாக்கத்தை உடைக்கும் அட்டவணைகள் 2009இலேயே பொதுவில் வந்துவிட்டன. ஆண்ட்ராய்டு 12இலிருந்து 2ஜியை அணைக்கும் பொத்தான் அமைப்புகளில் இருக்கிறது. போடி டவுனுக்குள்ளேயே இருப்பவர்கள் அணைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சரிவில், ஏலச் செடிக்குள், ஒற்றைக் கோடு சிக்னலில் பட்டன் போன் வைத்திருக்கும் அக்காவிடம் போய் இதைச் சொல்லாதீர்கள். காலில் பாம்பு கடித்தால் அவர் கூப்பிடப் போவது அந்த 2ஜியில்தான். வங்கியின் ஓ.டி.பி. வருவதும் அதிலேதான். அந்தக் கதவை மூடுவதற்கு முன்னால் மலைக்கு 4ஜி டவர் வர வேண்டும். அதற்காகக் கேட்க வேண்டிய இடங்கள் வேறு, போராட்டமும் வேறு.

விரல்ரேகைக் கருவியிலும் இதே பிரச்சினை. ஒருமுறை எடுத்த ரேகையைச் சிலர் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பியதாக 2017 பிப்ரவரியில் ஆதார் ஆணையமே போலீசில் புகார் கொடுத்தது. அதன்பிறகு பழைய கருவிகள் போய், ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி உள்ள பதிவு பெற்ற கருவிகள் வந்தன. பின்னர் அவற்றிலும் குறியாக்கத்தைக் கணினியிலுள்ள மென்பொருள் செய்யும் எல்-0 வகையை ஒதுக்கி, கருவிக்குள்ளேயே செய்யும் எல்-1 வகைக்கு மாற்றச் சொன்னார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சரியான முடிவு. புதிய கருவியின் விலையை யார் கொடுப்பது? ஒரு விண்ணப்பத்துக்கு வாங்கும் கட்டணத்தில் கடை நடத்துகிற ஆபரேட்டர்தான். அவர் வாங்கத் தாமதித்தால், காய் பறித்து ரேகை தேய்ந்த விரலோடு வரிசையில் நிற்பவர் பணம் எடுக்காமல் திரும்புவார். பாதுகாப்பின் பயன் எல்லோருக்கும், செலவு மட்டும் கடைசி ஆளுக்கு என்றால் அந்தப் பாதுகாப்பை மக்கள் வெறுக்கத்தான் செய்வார்கள். அந்தக் கடைசி ஆளுக்காகப் பின்வாங்கியவர்களும் உண்டு: 2020 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் உலாவி பழைய டி.எல்.எஸ். 1.0ஐ நிறுத்திவிட்டு, சில நாட்களில் திரும்பத் திறந்துவிட்டது. கொரோனா தகவல் தரும் சில அரசுத் தளங்கள் இன்னும் அந்தப் பழைய முறையிலேயே இருந்தன. ஃபயர்பாக்ஸைச் செய்யும் மோசில்லாவைச் சிலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அதில் கிண்டல் செய்ய எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் திரும்பவும் மூடிவிட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கோப்புகள் யாருக்கு வேண்டும் என்று கேட்டால், ஏலத்தைப் பாருங்கள். வாயால் கேட்டுக் கொண்டிருந்த ஏலக்காய் ஏலம் 2007இல் கணினிக்குப் போனது. 2021இல் போடியும் கேரளத்தின் புத்தடியும் ஒரே இணைய ஏலத்தில் இணைந்தன. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7000 ரூபாய்க்குப் போன சரக்கு இது. யாரிடம் எவ்வளவு காய் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன் என்ற விவரத்துக்குச் சந்தையில் விலை உண்டு. ஏலக் கணினியை நாம் தொடப்போவதில்லை. அதற்கு நறுமணப் பொருள் வாரியம் இருக்கிறது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான மேசைகளில் கிடக்கும் கோப்புகளுக்குத்தான் யாரும் இல்லை. அவற்றை இன்று பிரதியெடுத்து வைப்பவன் இன்றே உடைக்க வேண்டும் என்பதும் இல்லை. பத்து வருடம் கழித்து உடைத்தாலும் ஆதார் எண் மாறியிருக்காது.

மேலச்சொக்கநாதபுரம் அரசுப் பொறியியல் கல்லூரித் தோழர்களே, ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையாதீர்கள், இதை எடுங்கள். இ-சேவை ஆபரேட்டர்களே, உங்கள் கடையில்தான் ஊர் முழுவதும் வந்து போகிறது. முதல் கடை உங்களுடையதாக இருக்கட்டும். விழுப்புரம் குனு/லினக்ஸ் தோழர்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்வதை நாம் ஒரு மலைக்குச் செய்ய முடியாதா? கணியம் இணைய தளத்தில் தமிழிலேயே பாடங்கள் கிடக்கின்றன. ஆங்கிலம் வராது என்று யாரும் ஒதுங்க வேண்டாம்.

பொங்கலுக்குள் முடிக்க வேண்டும். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஜோடிக்கு ஒரு தெரு. முதல் நாள் எதையும் மாற்றாதீர்கள். எந்த மெஷின், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு யாருக்குப் போகிறது, அந்தப் பக்கம் திறப்பவர் யார் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கோப்பில் கை வைக்க வேண்டாம். போடியில் மாற்றும் அன்றே மேலே மாற்றவும் ஆள் போக வேண்டும். இல்லாவிட்டால் போடியிலும் மாற்றாதீர்கள். வைஃபை ரவுட்டரில் டபிள்யூ.இ.பி. அல்லது டி.கே.ஐ.பி. என்ற பழைய முறையைக் கண்டால் மட்டும் யாரையும் கேட்காமல், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அங்கேயே மாற்றிவிடுங்கள். மாற்றியபின் ஒரு வாரம் உங்கள் நம்பரை அந்தக் கடைச் சுவரில் எழுதி வையுங்கள். ரைட்டர் கத்த வேண்டுமானால் உங்களிடம் கத்தட்டும்.

மலைக்குப் போகிறவர்கள் முதல் ஜீப்பிலேயே போய்விடுங்கள், மத்தியானம் மழை பிடித்தால் கரண்ட் இருக்காது. பென் டிரைவ் இரண்டு, லினக்ஸ் ஏற்றியது, கூடவே சில ஸ்பேர் பேட்டரி. அப்புறம், வீட்டுப் பரணில் எக்ஸ்.பி. ஓடும் பழைய கணினி வைத்திருப்பவர்கள் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். நெட் கார்டைப் பிடுங்கிவிட்டு நம் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பதினைந்து வருடப் பழைய பிடிப்பணக் கணக்கைத் தேடிக்கொண்டு யாராவது ஓர் அம்மா வருவார். அந்தக் கோப்பைத் திறக்க நமக்கு அது வேண்டும்.